ஆர்கானிக் லேபிளும் வாளியில் இறங்கிய சாயமும்

கோயம்புத்தூரில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு கருநீலப் பனியன் வாங்கியிருக்கிறீர்கள். அதில் தொங்கிய அட்டையில் ‘ஆர்கானிக்’, ‘இக்கோ பிரண்ட்லி’, ‘ஜீரோ டிஸ்சார்ஜ் சாயம்’ என்று மூன்று வாசகம். சாதாரணப் பனியனைவிட 200 ரூபாய் அதிகம். முதல் துவைப்பிலேயே வாளித் தண்ணீர் நீலமாகிவிட்டது. அந்த லேபிளை நம்பலாமா, 200 ரூபாய் கூடக் கொடுத்ததில் நொய்யல் ஆற்றுக்கு ஏதாவது நன்மை உண்டா, பேசாமல் திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் 120 ரூபாய்க்கு ஒன்றை வாங்கிவிடலாமா என்று மூன்றாகக் கேட்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் அடியில் எனக்கு ஒரே கேள்விதான் தெரிகிறது: துணியின் தரமும் ஆற்றின் நலமும் ஒரே விஷயமா, தனித்தனியா? சாயத்தைப் பொறுத்தவரை ஒரே விஷயம்தான். அதற்கு உங்கள் வாளியே சாட்சி. நான் திருப்பூரில் 26 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் சாயப் பரிசோதனை லேபில், பிறகு மெஷின் தளத்தில், கடைசி 9 வருஷம் பல சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

வாளியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். பருத்திக்கு இன்று போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது நூலோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துவிடும் என்பதால்தான் நன்றாகச் சாயமேற்றிய துணி வருஷக்கணக்கில் வெளுக்காமல் இருக்கிறது. ஆனால் மெஷினில் போட்ட சாயம் முழுவதும் நூலைப் பிடிப்பதில்லை. சாயத்துக்குச் சாயம் மாறும் என்றாலும், 100 கிராம் போட்டால் 20 முதல் 40 கிராம் வரை நூலைப் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அப்படி வீணானதில் ஒரு பங்கு நூலின் இடுக்குகளில் உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியே எடுக்கத்தான் சோப்பிங். சாயம் பிடிக்கப் போட்ட சோடாவைக் கழுவி, அசிட்டிக் ஆசிட் விட்டு, 90 டிகிரிக்கு மேல் சூடேற்றிய தண்ணீரில் துணியை ஓட்ட வேண்டும். வெளிர் நிறத்துக்கு ஒரு முறை போதும். கருநீலம், கறுப்பு, மெரூன் என்றால் இரண்டு முறை, சில லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றும் துணித் தொகுதிக்கு, மூன்று முறைகூட ஆகும். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர், நீராவி, மெஷின் நேரம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சாய மாஸ்டர், மெஷினின் வடிகுழாயில் கண்ணாடி டம்ளரைப் பிடித்து, அதன் பின்னால் அன்றைய பேப்பரை வைத்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பார். “எழுத்துத் தெரியற வரைக்கும் துணிய உடாதீங்க தம்பி. இங்க நாம கழுவாததை அங்க யாரோ ஒரு பொம்பள வூட்டு வாளில கழுவுவாங்க” என்பார். உங்கள் வாளியைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது.

இதில் குறுக்குவழி ஒன்று உண்டு. இரண்டாவது சோப்பிங்கை விட்டுவிட்டு, ஃபிக்ஸர் என்கிற ரசாயனத்தைப் போட்டு, பிடிக்காத சாயத்தை நூலின் மேலேயே ஒட்டவைத்துவிடலாம். லேபில் அன்றைக்குச் சோதித்தால் தேறிவிடும். வீட்டில் நாலைந்து துவைப்பில் பிடி விட்டு, சாயம் இறங்க ஆரம்பிக்கும். ஃபிக்ஸர் போடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகக் கழுவிய துணிக்கு மேலும் உறுதி சேர்க்க அதைப் போடலாம். கழுவாமல் போடுவதுதான் தப்பு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு சாயப்பட்டறையில், கன்டெய்னருக்குத் தேதி நெருங்கிவிட்டது என்று குழந்தைகள் துணிக்கான மெரூன் லாட்டை இப்படி ஒரே சோப்பிங்கில் முடித்தார்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். மூன்று மாதம் கழித்து அந்த லாட்டு புகாரோடு திரும்பி வந்தது. அந்தக் கையெழுத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆறு இந்த இடத்தில்தான் வருகிறது. நூலைப் பிடிக்காத சாயத்தைப் பட்டறையிலேயே கழுவி எடுத்திருந்தால் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருக்கும். கழுவாததால் உங்கள் வீட்டு வாளியில் இறங்கி, குளியலறைத் துவாரம் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. கோவையின் சாக்கடை நீரில் ஒரு பகுதி குளங்களுக்கும் நொய்யலுக்கும் போய்ச் சேர்வது உங்களுக்குத் தெரிந்ததுதான். சாயம் போகும் துணியைத் தரக்குறைவான துணி என்று மட்டும் நினைக்கிறோம். சுத்திகரிக்காத சாயக்கழிவில் ஒரு துளியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதே துணிதான். ஆனால் ஒரே துவைப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். புது அடர்நிறத் துணியில் முதல் துவைப்பில் லேசாக நிறம் இறங்குவது சகஜம். மூன்றாவது துவைப்புக்குப் பிறகு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, பனியனின் மேல் ஒரே இடத்தில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் சாயல் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. அடர்நீலத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தெளிவாக நீலம் ஏறினால் சோப்பிங் சரியில்லை. லேபில் நாங்கள் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவதும் இதே தேய்ப்பை மெஷினில் செய்துதான்.

இனி அட்டையில் உள்ள வாசகங்கள். ‘ஆர்கானிக்’ என்பது முதலில் பருத்தி விளைந்த நிலத்தைப் பற்றிய சொல். செயற்கைப் பூச்சிக்கொல்லியும் ரசாயன உரமும் போடாமல், மரபணு மாற்றாத விதையில் விளைந்த பஞ்சு என்று அர்த்தம். துணியாகிவிட்ட பிறகு அதைத் தொட்டுப் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது, வேறு யாராலும் முடியாது. பருத்தி அரவை ஆலை, நூற்பாலை, நிட்டிங், சாயம், தையல் என்று கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கூடவே வரும் சான்றிதழ்தான் ஆதாரம். அந்தக் காகிதமும் பொய்யாக இருந்திருக்கிறது. 2020 அக்டோபரில் ஜிஓடிஎஸ் என்கிற சர்வதேசத் தர அமைப்பே, இந்தியாவில் சுமார் 20,000 டன் பஞ்சு போலிச் சான்றிதழோடு போனதைக் கண்டுபிடித்து வெளியிட்டது. அதற்காகச் சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். திருட்டைக் கண்டுபிடித்து ஊரறியச் சொன்னதும் அதே முறைதானே. அட்டையில் ஜிஓடிஎஸ் முத்திரை இருந்தால் அதன் கீழே சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். ‘ஆர்கானிக்’ என்று முத்திரை போட 95 சதவீதமாவது ஆர்கானிக் இழை வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ‘ஆர்கானிக் கொண்டு செய்தது’ என்று வேறு முத்திரை. இந்தத் தரம் பஞ்சோடு நின்றுவிடாமல், எந்தச் சாயம் போடலாம், கழிவுநீரை என்ன செய்ய வேண்டும், தொழிலாளரை எப்படி நடத்த வேண்டும் என்பது வரை போகிறது. ஆர்கானிக் இழையின் அளவை மட்டும் சொல்லும் வேறு சான்றிதழ்களும் உண்டு. அவற்றில் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. எண்ணோ சான்றளித்தவர் பெயரோ இல்லாமல் ‘100% ஆர்கானிக்’ என்று அச்சடித்த அட்டையை, அச்சடித்த அட்டையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் தோலைப் பற்றித்தான் கவலை என்றால் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்கிற லேபிளைத் தேடுங்கள். அது ஆர்கானிக்கா இல்லையா என்பதில் தலையிடாது. முடிந்த துணியில் ஃபார்மால்டிஹைடு, கன உலோகங்கள், தடைசெய்த அமீன் ரசாயனங்களை வெளியிடும் சாயங்கள் இருக்கின்றனவா என்று சோதிக்கும். 3 வயது வரையான குழந்தைகளின் துணி அதில் முதல் வகுப்பு, அளவுகள் மிகக் கடுமை. அந்த எண்ணையும் இணையத்தில் சரிபார்க்கலாம். இப்படி அமீன் வெளியிடும் அசோ வகைச் சாயங்களை இந்திய அரசும் 1997லேயே தடை செய்துவிட்டது. பெயருள்ள சாயக் கம்பெனிகளின் சரக்கில் அவை வராது. மூட்டையில் பெயரில்லாமல் வரும் சாயத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். லேபிள் இருக்கிறதோ இல்லையோ, புதுத் துணியை ஒரு முறை துவைத்துவிட்டுத்தான் குழந்தைக்குப் போட வேண்டும். ஃபார்மால்டிஹைடில் பெரும்பகுதி அந்த ஒரு துவைப்பிலேயே போய்விடும். குழந்தைக்குத் தடிப்போ அரிப்போ வந்திருந்தால் துணியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். அது என் படிப்புக்கு வெளியே உள்ள விஷயம்.

‘இக்கோ பிரண்ட்லி’ என்ற சொல்லுக்குத் தனியாக எந்த அளவுகோலும் கிடையாது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பசுமை வாசகங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘இக்கோ’, ‘கிரீன்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால், எதில் எப்படி என்று விளக்கமும் ஆதாரமும் சேர்த்துத் தர வேண்டும். தராத கம்பெனி மேல் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இன்னொரு சொல்லிலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ‘பயோ வாஷ்’. துணியின் மேல் நிற்கும் மெல்லிய பஞ்சு முடியை நொதி போட்டுத் தின்னவைத்து வழவழப்பாக்கும் வேலைக்குப் பெயர்தான் பயோ வாஷ். பனியன் பார்க்க நன்றாக இருக்கும், முடிச்சு விழுவது குறையும். இயற்கை விவசாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது வாசகம் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’, அதாவது கழிவுநீரைக் கொஞ்சமும் வெளியே விடாதது. இதைப் பெருமையாக அச்சடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது. திருப்பூரில் அனுமதி பெற்ற சாயப்பட்டறை எல்லாவற்றுக்கும் அது சட்டம். அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையை 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டினார்கள். அதில் தேங்கியது எங்கள் ஊர்ச் சாயத்தண்ணீர். தண்ணீர் வடிந்தபோது நான் அங்கே போயிருக்கிறேன். சேறு காய்ந்து வெடித்திருந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓர் இளநீரை வெட்டிக் கொடுத்து, “குடிச்சுப் பாருங்க, எளநியே கரிக்குதுங்க” என்றார். கரித்தது. கிணறு உப்பான பிறகு எந்த வெள்ளாமை நிற்கும்? நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக்கூட வெளியேற்றாத நிலைக்கு வரச் சொன்னது. 2009ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அப்படியும் நடக்காததால், 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மொத்தமாக மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்த மாதங்களில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அந்த உத்தரவு சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

உப்பு எங்கே இருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் நிறம் தேர்ந்தெடுக்க உதவும். ரியாக்டிவ் சாயம் நூலுக்குள் போக உப்பு வேண்டும். அடர்நீலத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போடுவோம். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று ஓடும் நல்ல மெஷினிலேயே கணக்குப் போட்டால், கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. 100 கிராம் எடையுள்ள குழந்தைப் பனியனுக்கு 50 கிராம் உப்பு, ஒரு கைப்பிடி. வெளிர் மஞ்சளுக்கும் வெளிர் நீலத்துக்கும் இதில் கால்வாசி போதும். பாக்டீரியா தொட்டியில் நிறத்தையும் அழுக்கையும் குறைக்க முடியும், உப்பு அப்படியே இருக்கும். கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது பழைய விதி. அந்த அளவுக்குக்கூட அந்தக் காலத்தில் இறங்கவில்லை. இப்போது ஆர்.ஓ. சவ்வில் நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடி பட்டறைக்கே அனுப்புகிறோம். மிஞ்சும் கரிப்பு நீரைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறோம். நல்ல உப்பு திரும்பவும் சாயத்துக்கே போகிறது. இவ்வளவும் உண்மை, நானே ஓட்டிய நிலையம். அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொதிக்கவைக்க விறகும் மின்சாரமும் கணக்கில்லாமல் போகிறது. கடைசியில் பல உப்பும் கலந்த ஒரு கழிவு வருகிறது, அதை யாரும் வாங்குவதில்லை. மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொட்டகையில் அடுக்கிவைத்திருக்கிறோம். ஆற்றுக்கு வெளியேற்றம் பூஜ்ஜியம் என்று நான் தைரியமாகச் சொல்வேன். பூமிக்குச் சுமை பூஜ்ஜியம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் நொய்யலில் இன்னும் ஏன் நுரை என்று கேட்பீர்கள். நுரையைப் பார்த்தவுடன் சாயப்பட்டறை என்று முடிவுகட்ட முடியாது. சாக்கடையோடு வரும் நம் வீட்டுச் சோப்புத் தூளும் அதே நுரையைத்தான் தரும். தண்ணீரே நிறம் மாறி ஓடினால் அது வேறு. அனுமதி இல்லாத பட்டறையோ, பிரிண்டிங், பிளீச்சிங் யூனிட்டோ மழையைப் பார்த்துத் திறந்துவிட்டிருக்கலாம். அப்படி நடப்பதும், அதிகாரிகள் மின்இணைப்பைத் துண்டிப்பதும் எங்கள் ஊரில் புதிதல்ல. எந்தப் பனியன் எந்தப் பட்டறையில் ஓடியது என்பதை அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டு, “சாயம் எங்கே போட்டீர்கள், அந்தப் பட்டறை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர்?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

உங்கள் அட்டையின் பின்பக்கத்தில் அந்தக் கம்பெனி மரக்கன்று நட்டதாக எழுதியிருக்கிறது என்றும் சொன்னீர்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவுப்படி, வருஷ நிகர லாபம் 5 கோடி ரூபாய்க்குக் குறையாமல் இருந்தாலோ, விற்றுமுதலோ சொத்து மதிப்போ சட்டம் சொல்லும் எல்லையைத் தொட்டாலோ, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். திருப்பூரில் நிறையப் பேர் கூட்டு நிறுவனங்களும் தனி முதலாளிகளும்தான், அவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அப்படியும் பலர் பள்ளிக்கூடத்துக்கும் மரத்துக்கும் கைக்காசு போடுகிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு பனியன் கம்பெனியின் முதல் பொறுப்பு, தன் கழிவைத் தானே சுத்தம் செய்வதும், தைக்கிற பெண்ணுக்கு ஓவர்டைம் காசைச் சரியாகக் கொடுப்பதும். கொங்கு நாட்டு நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று சின்னப் பெண்களை மூன்று வருஷம் அடைத்துவைத்து வேலை வாங்கிய கதை இன்னும் ஆறவில்லை. மரக்கன்றுப் படத்தைப் பார்த்து அந்தக் கேள்விகளை விட்டுவிடக்கூடாது.

200 ரூபாய்க்கு வருகிறேன். குழந்தைப் பனியனுக்கு 100 கிராம் சொச்சம் துணிதான் ஆகும். ஆர்கானிக் நூல் கிலோவுக்கு 100 ரூபாய் கூட என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பனியனுக்கு 10 ரூபாய் சொச்சம்தான் ஏறும். இரண்டாவது சோப்பிங்குக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு. மிச்சத்தில் சான்றிதழ்ச் செலவு, கடை வாடகை, விளம்பரம் எல்லாம் இருக்கிறது. அதைக் கொள்ளை என்று சொல்லும் அளவுக்கு அந்தக் கம்பெனியின் கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் 200 ரூபாய் கூட வாங்கிவிட்டு அந்தச் சோப்பிங்கை விட்டிருந்தால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

காதர்பேட்டை சரக்கு மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். அங்கே மூன்று விதம் கலந்து கிடக்கும்: ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியது, செக்கிங்கில் கழித்த செகண்ட்ஸ், உள்ளூருக்கென்றே தைத்தது. மிஞ்சிய சரக்கு வெளிநாட்டுக்காரனின் டெஸ்ட்டில் தேறிய துணியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் அதைக் கடைக்காரர் சொல்லை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பனியனைத் தோளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் சுற்றி வந்தால் துவைத்த பிறகு இன்னும் சுற்றும். துணியை அகலவாக்கில் இழுத்து விடுங்கள், பழைய இடத்துக்கு வராமல் தொளதொளவென்று நின்றால் காம்பாக்டிங், அதாவது துணி பிறகு சுருங்காதபடி முன்கூட்டியே அழுத்திச் சுருக்கும் வேலை, சரியில்லை. பட்டறையில் நீளவாக்கில் இழுத்து ஓட்டிக் கிலோவுக்குக் கூடுதல் பீஸ் எடுத்திருப்பார்கள். அந்தப் பனியன் இரண்டாவது துவைப்பில் தொப்புளுக்கு மேலே ஏறிவிடும். நனைத்த கைக்குட்டை ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், வாங்குவதற்கு முன்னால் உள்பக்கத் தையலில் தேய்த்துப் பார்க்க எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார். வெளிர் நிறமாக எடுங்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் அடுத்த தைப்பொங்கலுக்கும் உதவும். இப்போது கையில் இருக்கும் கருநீலப் பனியனை மூன்றாவது துவைப்புக்குப் பிறகு தேய்த்துப் பாருங்கள். நீலம் ஏறினால் பில்லோடு அந்தக் கைக்குட்டையையும் எடுத்துப்போய்க் கடையில் காட்டுங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், அடுத்து யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.